நடுங்குவது இடது கை, இடிபடுவது இடது தோள்

"அப்பாவுக்குப் பார்க்கின்சன். மூணு வருஷமா இடது கைதான் நடுங்குது. இப்போ வாசல்நிலையைத் தாண்டும்போதெல்லாம் இடது தோளை இடிச்சுக்கிறார். கண்ணுல குறையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இருக்கலாம். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நோயைப் பற்றி எழுதும்போதே, இந்த நடுக்கம் பெரும்பாலும் ஒரு கையில்தான் தொடங்குகிறது என்று குறித்துவைத்தார். நடுமூளையில் இடமும் வலமுமாகச் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கரிய பகுதி இருக்கிறது. அங்கே டோபமைன் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதுதான் நோய். அழிவு ஒரு பக்கம் முந்திக்கொள்கிறது. வலது மூளை இடது உடம்பை ஆள்கிறது என்பது பள்ளிப் பாடம்.

அந்த டோபமைன், மூளையின் ஆழத்தில் அதே பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குப் போகிறது. அதில் புட்டமென் முக்கியமாக அசைவுக்கு, காடேட் பெரிதும் யோசனைக்கு. பெருமூளையின் மேலடுக்கான புறணியில் கிளம்பும் செய்தி ஸ்ட்ரையேட்டம், பிறகு தாலமஸ் என்ற மூளையின் நடுப்பகுதி வழியாகச் சுற்றி மறுபடி புறணிக்கே வருகிறது. அசைவுக்கு ஒரு சுற்று, யோசனைக்கு வேறு சுற்று; இரண்டும் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. 1986-ல் அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் என்ற மூளை ஆய்வாளர்கள் மூவரும் இதைத் தெளிவாக விளக்கினார்கள். சுற்றில் தாலமஸுக்கு முந்தைய கண்ணி தாலமஸை எந்நேரமும் அடக்கிப் பிடித்திருக்கும். வேண்டிய ஒன்றுக்கு மட்டும் அந்தப் பிடி தளர டோபமைன் உதவுகிறது. கையைத் தூக்கவும் அப்படித்தான், ஒரு நினைப்பை விட்டு இன்னொன்றுக்குத் தாவவும் அப்படித்தான்.

எனக்கு வியப்பு தீராத இடம் இதற்கு அடுத்தது. அசைவுக் கட்டளை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் பக்கம் மாறி முதுகுத்தண்டில் இறங்குகிறது. யோசனைச் சுற்றோ இறங்குவதே இல்லை, அதனால் பக்கமும் மாறுவதில்லை. இடது கை நடுங்கினால், மூளையின் வலது பாதியின் யோசனைக்கும் டோபமைன் குறைந்திருக்க வாய்ப்புண்டு. புட்டமெனில் தட்டுப்பாடு முதலில் வருவதால் கை முந்திக் காட்டிக்கொடுக்கிறது.

பெரும்பாலோருக்கு இடம், தூரம், இடப்பக்கக் கவனம் எல்லாம் வலது பாதியின் பொறுப்பு. ஒரு கோட்டின் நடுவில் புள்ளி வைக்கச் சொன்னால், உடம்பின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் சற்று வலம் தள்ளி வைப்பார்கள். கண் பார்க்கிறது, கவனம் போவதில்லை, தோள் இடிபடுகிறது. வலப்பக்கம் தொடங்கியவர்களில் சிலருக்குச் சொற்கள் சட்டென வாயில் வராது.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பலவற்றில் நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு. ஒரே ஆட்களைப் பத்து வருடம் பின்தொடரும் ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'வலது மூளையைத் தூண்டுகிறோம்' என்று குழந்தைகளின் கண்ணைக் கட்டும் வகுப்புகளுக்குப் பெற்றோர் கொட்டும் பணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வாசகிக்கு: தோள் இடிபடுவதை நரம்பியல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள், நடுக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிகாரம் வரையச் சொல்வது போன்ற எளிய சோதனைகள் அவரிடம் உண்டு. அதுவரை வாசல்நிலையின் இடப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள் டேப் ஒட்டிவையுங்கள்.