அழைப்புப் பட்டியலில் யார் பெயர் முதலில்?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அவசரப்படாத நோய். ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றி, செல்கள் மெல்ல மாறி, புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மாறிய பகுதியைக் கண்டுபிடித்து நீக்கிவிட்டால் பெரும்பாலும் புற்று வருவதே இல்லை. இவ்வளவு அவகாசம் இருந்தும், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம்தான். இந்திய அளவில் 1.9.

சிக்கல் பரிசோதனையில் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். இதற்கு ‘வி.ஐ.ஏ.’ என்று பெயர். 5 மில்லி கிளேஷியல் அசிட்டிக் அமிலத்துடன் 95 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்று கலந்து, மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நீர்த்துப்போனால் வெள்ளை தெரியாது. நீர்க்காமல் தடவினால் சதை வெந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை 30-59 வயதுப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தார்கள். தகுதியுள்ள 49,311 பேரில் வந்தவர்கள் 31,343. வெள்ளை தெரிந்தது 3,088 பேருக்கு. அவர்களில் 3,052 பேர் அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பியையும் (உருப்பெருக்கிக் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பது) செய்துகொண்டார்கள். நழுவியது வெறும் 36 பேர்! காரணம், பயிற்சி பெற்ற செவிலியர்களே அதே வருகையில் அதையும் பார்த்து, பொருத்தமானவர்களுக்கு மாறிய பகுதியை உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள். ‘அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா’ என்று சீட்டு எழுதியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது இந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

ஆனால் அந்த ஆய்விலும் 17,968 பேர் வரவே இல்லை. தேடிப்போய் அழைக்க வேண்டியது இப்படிப்பட்டவர்களைத்தான். ‘முகாம் இருக்கு, எல்லாரும் வாங்க’ என்று ஆட்டோவில் மைக் கட்டினால், எப்படியும் வரக்கூடியவர்களே வருவார்கள்.

முதல் வேலை பட்டியல். வீடு வாரியாகப் பெயர், வயது, கடைசியாகப் பரிசோதித்த ஆண்டு, முடிவு. கர்ப்பப்பை வாயோடு சேர்த்துக் கருப்பை முழுவதையும் எடுத்துவிட்டவர்களைப் பொதுவாக நீக்கிவிடலாம். புற்றுநோய்க்காகவோ அதன் முன்நிலைக்காகவோ எடுத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் நீக்கக் கூடாது. பிறகு வரிசை. ஏற்கெனவே வெள்ளை தெரிந்தும் திரும்பி வராதவர் தலைவரிசையில். அடுத்து எச்.ஐ.வி. உள்ளவர்கள்: இவர்களுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு சுமார் 6 மடங்கு, 30 வயதுவரை காத்திருக்காமல் 25-லேயே தொடங்க வேண்டும். அதன் பிறகு, ஒருமுறைகூடப் பரிசோதிக்காதவர்கள். அவர்களில் ஐம்பதை நெருங்குபவர்களை முதலில் அழைப்பது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வி.ஐ.ஏ.வை நம்ப முடியாது, வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.வி. பரிசோதனைதான் கைகொடுக்கும்.

அழைக்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பதிவேட்டில் இருக்கும் செல்போன் எண் பல வீடுகளில் கணவருடையது அல்லது மகனுடையது. அந்த எண்ணுக்குப் புற்றுநோய், கர்ப்பப்பை என்று குறுஞ்செய்தி போனால் அந்த அம்மா வரமாட்டார். தேதி, நேரம், இடம் மட்டும் போதும். விவரத்தைக் கிராம சுகாதார செவிலியர் நேரில் சொல்லட்டும். மாதவிடாய் நாட்களில் பார்க்க முடியாது, ஆகவே தேதியை அவரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும். நடவும் களையெடுப்பும் நடக்கிற வாரத்தில் காலை பத்து மணி என்று குறித்தால் அது வீண். ‘எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே’ என்பவரிடம் புள்ளிவிவரம் எடுபடாது. ‘ஒண்ணும் இல்லாதப்ப பாக்கிறதுதாங்க்கா இந்த டெஸ்ட்டே’ என்பது சில நேரம் எடுபடும்.

கூச்சம்தான் தடை என்றால் ஹெச்.பி.வி. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாகாணத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய், ஹெச்.பி.வி. மாதிரியைத் தானே எடுத்துக்கொள்ளும் வசதியைத் தந்தபோது 86 சதவீதப் பெண்கள் பரிசோதனைக்கு உட்பட்டார்கள். மருத்துவ நிலையத்துக்கு வரச் சொன்ன குழுவில் அது 20 சதவீதம். ஆனால் வைரஸ் இருப்பதாக முடிவு வந்தவரை மறுபடி அழைத்தே ஆக வேண்டும். வீட்டில் மிச்சப்படுத்திய உழைப்பை அங்கே செலவிட வேண்டியிருக்கும்.

உறைய வைத்த பிறகு சில வாரங்களுக்குத் தண்ணீர்போல் வெள்ளைப்படும். முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘அங்க போனதுலதான் இப்படி ஆச்சு’ என்ற பேச்சு ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவி, அடுத்த முகாம் காலியாகிவிடும். நான்கு வாரம் உடலுறவு கூடாது என்பதைக் கணவரிடமும் சொல்ல வேண்டுமா என்று அந்தப் பெண்ணையே கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்துவிட்டது என்று பெயரை அடித்துவிடக் கூடாது. 12 மாதம் கழித்து ஒரு தேதி போட்டு, அதே பெயரைப் பட்டியலின் மேற்பகுதியிலேயே திரும்ப எழுத வேண்டும்.