தொடையில கட்டின பட்டைய அவிழ்க்கும்போது உள்ள என்ன நடக்குது: முட்டி ஆபரேஷனுக்குப் போறவங்க படிங்க

"முட்டி பரவால்ல டாக்டர், தொடைதான் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது." முட்டி மாத்தின மறுநாள் ரோஸ் ஹில் அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. தைப்பூசத்துக்கு கோர் தெ கார்ட் மலைக்கோயில் படி ஏறணும்னுதான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டாங்க. போர்வைய விலக்கிப் பார்த்தா தொடையில ஒரு சாண் அகலத்துக்கு செவந்த தடம். அங்க காத்தடைச்ச பட்டை கட்டுவோம்னு அவங்களுக்கு யாருமே சொல்லல. மயக்க மருந்து குடுத்த நான் சொல்லியிருக்கணும், அது இன்னைக்கும் உறுத்துது.

அதுக்குப் பேரு டூர்னிகே. மொரிஷியஸ்ல நமக்குப் பழகின பிரெஞ்சுதான், தூர்னேன்னா திருகுறது, 1718ல ழான் லூயி பெத்தி திருகாணி வெச்சு செஞ்சாரு, 1904ல ஹார்வி குஷிங் காத்துப் பட்டையா மாத்துனாரு. பட்டை இறுகினா காலுக்கு ரத்தம் போகாது, சர்ஜனுக்கு இடம் சுத்தமா தெரியும்.

ஆனா கட்டியிருக்குற நேரத்த விட அவிழ்க்குற நேரந்தான் எனக்கு பயம். ஆக்சிஜன் இல்லாம தசை, செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபின்னு ஒரு பொருளோட கையிருப்ப உடைச்சு உடைச்சு செலவு பண்ணுது, அதுல ஹைப்போசாந்தின்னு ஒரு கழிவு சேருது, கூடவே சாந்தின் ஆக்சிடேஸ்ங்கற நொதியும் தயாராகி நிக்குது, பட்டைய தளர்த்தினதும் ஆக்சிஜன் குபுகுபுன்னு உள்ள வர, இந்த மூணும் சேர்ந்து சூப்பர்ஆக்ஸைடு மாதிரி ஃப்ரீ ரேடிக்கல்ஸ, அதாவது பக்கத்துல இருக்குறதயெல்லாம் தாக்குற மூலக்கூறுகள உண்டாக்கி செல்லோட கொழுப்புச் சுவரையே அரிக்குது. இதத்தான் ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்றோம். அந்த நிமிஷம் மானிட்டர்லயே தெரியும், பிரஷர் இறங்கும், கார்பன் டை ஆக்ஸைடு ஏறும், காலுல தேங்கின லாக்டேட்ங்கற கழிவும் பொட்டாசியமும் உடம்பு முழுக்கப் பரவும்.

நல்ல உடம்பு இத சமாளிச்சுடும். ஆனா நம்ம தீவுல பெரியவங்கள்ல ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு சுகர், அவங்க ரத்தக்குழாய் ஏற்கனவே இந்த ஸ்ட்ரெஸ்லதான் இருக்கு.

மருத்துவ ஆய்வுகளத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்போட 2020 ஆய்வுல, முட்டி மாத்துற ஆபரேஷன்ல பட்டை கட்டினது பத்தின 41 சோதனைகள ஒண்ணா வெச்சுப் பார்த்தாங்க. பட்டை கட்டினவங்களுக்கு முதல் நாள் வலி கொஞ்சம் அதிகம், பெரிய சிக்கல் வந்தது 1000 பேர்ல 59, கட்டாதவங்கள்ல 29. பட்டையே கூடாதுன்னு நான் சொல்லல, எலும்பு உடைஞ்ச அவசரத்துலயும் சில சிக்கலான கேஸ்லயும் அது வேணும். ஆனா டிரானெக்ஸாமிக் ஆசிட்ங்கற மருந்து குடுத்தா ரத்தப்போக்கு நல்லாவே குறையுது, செயற்கை முட்டிய எலும்போட ஒட்ட சிமெண்ட் வைக்குற நேரத்துக்கு மட்டும் கட்டுற சர்ஜன்களும் இருக்காங்க. கட்டினாலும் அவங்கவங்க பிரஷருக்குத் தகுந்த அழுத்தம் போதும், ரெண்டு மணி நேரம் தாண்டவே கூடாது.

அதனால முன்னாடியே கேளுங்க: "பட்டை கட்டுவீங்களா, எவ்வளவு நேரம்?" தப்பா எடுத்துக்க மாட்டோம். சுகர், காலுல ரத்த ஓட்டக் குறைவு, முன்னாடி ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டினது, சிக்கிள் செல்ங்கற பரம்பரை ரத்த நோய், காலுல பைபாஸ், எதையும் மறைக்காதீங்க. ஆன்டிஆக்சிடன்ட்னு நீங்களா விட்டமின் ஈ மாத்திரைய அள்ளிப் போட்டுக்காதீங்க, ரத்தக்கசிவு கூடலாம், சாப்பிட்டுட்டு இருந்தா சொல்லிடுங்க.

வீட்டுக்குப் போனப்புறம் தொடை வலி நாளுக்கு நாள் குறையணும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சா, இல்ல திடீர்னு மூச்சு வாங்கினா, காலைல பாத்துக்கலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.