படலுக்கு அந்தப் பக்கம்

மன்னார்குடியிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு கேள்வியும் இரண்டு போட்டோவும் அனுப்பியிருந்தார். தஞ்சாவூரில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு கேம் ஆடவிடும் கடை ஒன்றில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற இரண்டு கேம் கன்சோல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனவாம். இரண்டிலும் ஒரே கார் ரேஸ். "ஒன்றில் ரோட்டோரக் கம்பிவேலி நன்றாக இருக்கிறது. இன்னொன்றில் வேலி அறுந்து அறுந்து மினுக்குகிறது. ஆனால் போட்டோ எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி. ஏன் சார்?"

கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த கன்சோலில் கிராபிக்ஸ் உசத்தி என்று சண்டை போடுபவர்கள் எல்லாரும் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித்தான் சண்டை போடுகிறார்கள். இந்தப் பையன் படத்தில் பிடிபடாத வித்தியாசத்தைக் கண்ணால் பிடித்திருக்கிறார்.

போன வாரம் தஞ்சாவூரில் வேலை இருந்தது. கடையை எட்டிப் பார்த்தேன். முதல் காரியமாக இரண்டு டிவிக்கும் எச்டிஎம்ஐ வயரை மாற்றிச் செருகச் சொன்னேன். ஒரு டிவி, ஷோரூமில் ஆளை இழுப்பதற்கென்றே இருக்கிற அந்தக் கண்ணைப் பறிக்கும் கலர் மோடில் ஓடிக்கொண்டிருந்தது. வயர் மாறியதும் "பச்சை செமையா இருக்கு" என்ற பெருமையும் கட்சி மாறிவிட்டது. சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்தது. வேலி மட்டும் சீரிஸ் எஸ்ஸோடு கூடவே போய், புது டிவியிலும் மினுக்கியது. ஆக, அது பெட்டிக்குள் நடக்கிற விஷயம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 5-இன் கிராபிக்ஸ் சிப்பின் வேகம் 10.28 டெராஃப்ளாப்ஸ். சீரிஸ் எஸ் 4, அதன் அண்ணன் சீரிஸ் எக்ஸ் 12. நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போட முடியும் என்று சொல்கிற டெராஃப்ளாப்ஸ் ஒரு பெருக்கல் கணக்கு: எத்தனை கணக்குப்பிள்ளைகள், ஒவ்வொருவரும் எவ்வளவு வேகம். பிளேஸ்டேஷனில் 36 யூனிட்கள் 2.23 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. சீரிஸ் எக்ஸில் 52 யூனிட்கள் 1.825-இல். ஆள் குறைவு, கை வேகம். 10-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் பல கேம்களில் கண்ணுக்கே தெரிவதில்லை. அப்புறம் நினைவகத்திலிருந்து தகவல் வந்துசேரும் வேகம் என்று ஒன்று இருக்கிறது: பிளேஸ்டேஷன் 5-இல் நொடிக்கு 448 ஜிபி, சீரிஸ் எஸ்ஸில் பெரும்பகுதிக்கு 224. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்பதை மட்டும் வைத்துக் கடைமடை வயலின் கதியைச் சொல்ல முடியாது, வாய்க்கால் எவ்வளவு இழுக்கும் என்றும் பார்க்க வேண்டும் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. 4கே என்றால் ஒரு படத்தில் 82,94,400 பிக்சல்கள், அதாவது குட்டி நிறக் கட்டங்கள். கட்டாது. எனவே ஏறக்குறைய எல்லா கன்சோலும் கனமான கேம்களில் செய்வது ஒன்றுதான்: குறைந்த பிக்சலில் வரைந்து, அதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அட்டைப்பெட்டியில் 4கே என்று போட்டிருப்பது டிவிக்குப் போகும் படத்தின் அளவு. உள்ளே வரையப்பட்டது 1440 வரிசையாக இருக்கலாம், 1080-ஆக இருக்கலாம், நெரிசலான காட்சியில் அதற்கும் கீழே இறங்கலாம். வரையாமல் விட்டதை எப்படி இட்டு நிரப்புகிறார்கள் என்பதுதான் இந்தத் துறையிலேயே அழகான சங்கதி. மற்றதையெல்லாம் நான் அவசரமாகக் கடந்து வந்ததே இதற்காகத்தான்.

வேலிக்கே வருவோம். தூரத்தில் இருக்கும் கம்பி ஒரு பிக்சலைவிட ஒல்லி. ஒவ்வொரு பிக்சலும் தன் நடுப்புள்ளியில் நின்று "இங்கே கம்பி இருக்கிறதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. கம்பி அந்தப் புள்ளியில் பட்டால் உண்டு, மயிரிழை தள்ளிப் போனால் இல்லை. அதனால் ஒரே கம்பி நாலு பிக்சலில் இருந்து, அடுத்த மூன்றில் காணாமல் போய், மறுபடி முளைக்கும். இதுதான் "அறுந்து" தெரிவது.

தென்னங்கீற்றுப் படல் கட்டிய கொல்லை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படலுக்கு முன்னால் அசையாமல் நின்றால் இடுக்கு வழியாகத் துண்டு துண்டாகத்தான் தெரியும்: மாட்டின் ஒரு கொம்பு, வைக்கோல்போரில் ஒரு விரற்கடை, கயிற்றில் காயும் புடவையின் ஓரம். அதே படலை ஒட்டி சைக்கிளில் வேகமாகப் போங்கள். படல் கரைந்து, கொல்லை முழுக்கத் தெரிந்துவிடும். இடுக்குகள் அதே இடுக்குகள்தான். நீங்கள் நகர்ந்ததால் ஒவ்வொரு இடுக்கும் வேறு வேறு துண்டைக் காட்டியது. கண் அவற்றைச் சேர்த்துக்கொண்டது.

கன்சோல் செய்வதும் இதையே. நீங்கள் கன்ட்ரோலரைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், ஒவ்வொரு படத்துக்கும் கேமுக்குள் இருக்கிற கேமராவை ஒரு பிக்சலுக்குள்ளேயே துளி நகர்த்துகிறது. ஒரு தடவை பிக்சலின் நடுவில் கேள்வி, அடுத்த தடவை ஓரத்தில். கிடைத்த பதிலைப் பழைய படத்தோடு கலக்கிறது; பத்தில் ஒரு பங்கு புதிது, மிச்சம் பழையது என்பது போன்ற கலவை. சில படங்களில் கம்பி முழுசாகச் சேர்ந்துவிடும்.

சரி, எந்தப் பக்கம் நகர்த்துவது? இஷ்டத்துக்கு என்றால் புள்ளிகள் ஒரே மூலையில் கும்பலாக விழும். இடமிருந்து வலமாக வரிசையாக என்றால், பாதியில் காட்சி மாறிவிட்டால் வலப்பக்கம் காலி. எந்த நிமிஷத்தில் நிறுத்தினாலும் அதுவரை விழுந்த புள்ளிகள் சமமாகப் பரவியிருக்க வேண்டும். இதற்கு வான் டர் கார்புட் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1935-இல் வைத்த வழி ஒன்று இருக்கிறது. எண்ணை இரும எண்ணாக எழுதுங்கள், தலைகீழாகத் திருப்புங்கள், புள்ளிக்குப் பின்னால் வையுங்கள். அவ்வளவுதான். 1 என்பது 0.1 ஆகிறது, அதாவது அரை. 2 இருமத்தில் 10, திருப்பினால் 0.01, கால். 3 முக்கால். 4 அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. 5 அரையே அரைக்கால், 6 காலே அரைக்கால், 7 முக்காலே அரைக்கால். ஒவ்வொரு புதுப் புள்ளியும் இருக்கிற இடைவெளியின் நட்டநடுவில் போய் உட்காருகிறது. இப்படியே போனால் 15-ஆவது புள்ளி எது தெரியுமா? பதினாறில் பதினைந்து. நம் பாட்டிகள் "முக்காலே மூணு வீசம்" என்பார்களே, சாட்சாத் அதேதான். பழைய தமிழ் வாய்ப்பாட்டின் அரை, கால், அரைக்கால், வீசம் எல்லாம் பாதி பாதியாக வெட்டியே பிறந்தவை என்பதால் இந்த வரிசை அப்படியே அதில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முதன்முதலில் கையால் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை.

குறுக்குவாட்டுக்கு இந்த வரிசை. நெடுக்குவாட்டுக்கு இதையே மூன்றின் அடிமானத்தில். இரண்டையும் சேர்த்ததுதான் 1960-இல் வந்த ஹால்டன் வரிசை. இன்றைய கேம் எஞ்சின்களில் கேமராவின் அந்தத் துளி நகர்வு பெரும்பாலும் இதன்படிதான்.

1935-இல் இந்த வரிசைக்கு என்ன பயன் இருந்தது? ஒன்றுமில்லை. நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் எழுதியவர்களுக்குத் தெரியும், "சமூகத்துக்கு உடனடிப் பயன்" என்று ஒரு கட்டம் இருக்கும். இரும எண்ணைத் திருப்பிப் போட்டு விளையாடுகிறேன் என்று எழுதினால் காகிதம் திரும்பி வரும். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இராமானுஜன் வீட்டுக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் ஊரில், சுத்தக் கணிதத்துக்குக் காசு கேட்பவரைக் கிறுக்கனைப் போலப் பார்க்கிறோம் என்பது எனக்கு ஆறாத கோபம். அது கிடக்கட்டும்.

இதுவரை சொன்னது அசையாத காட்சிக்கு. கார் ஓடினால்? பழைய படத்தில் கம்பி இருந்த இடம் இப்போது வேறு. அதற்காக ஒவ்வொரு பிக்சலும், தன்னிடம் இருக்கும் பொருள் போன படத்தில் எங்கே இருந்தது என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்து பழைய நிறத்தை எடுத்துவருகிறது. ஆனால் எடுத்துவந்தது நம்பகமானதா? ஒரு லாரி விலகி, பின்னால் இருந்த சுவர் புதிதாகத் தெரிகிறது என்றால் அங்கே எடுத்துவர நேற்றைய கணக்கே கிடையாது. அதனால் ஒரு காவல் வைக்கிறார்கள்: பழைய நிறம், இப்போது சுற்றியுள்ள பிக்சல்களின் நிறங்களோடு ஒத்துப்போகாவிட்டால் தள்ளிவிடு.

வேலி மாட்டிக்கொள்வது இங்கேதான். சீரிஸ் எஸ் வரைகிற பிக்சல்கள் குறைவு. ஒவ்வொரு பிக்சலும் பெரியது. அதற்குள் கம்பி இன்னும் ஒல்லி. ஒரு படத்தில் அக்கம்பக்கத்து எந்தப் பிக்சலிலும் கம்பி படவில்லை என்றால், சேர்த்து வைத்த கம்பி நிறத்தைக் காவல்காரர் "இந்தத் தெருவில் அப்படி யாருமில்லை" என்று துரத்திவிடுகிறார். அடுத்த படத்தில் கம்பி மறுபடி பட்டுச் சேரத் தொடங்குகிறது, மறுபடி துரத்தல். இந்த இழுபறிதான் மினுக்கல். ஒற்றை போட்டோவில் கம்பி ஏதோ ஒரு நிலையில் உறைந்து நிற்கும், மினுக்கல் மட்டும் விழாது.

நொடிக்கு எத்தனை படம் என்பதும் இதில் சேரும். சிப் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2022-இல் வெளியிட்ட, படத்தைப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர் 2 என்ற முறையில், அகலமும் உயரமும் இரட்டிப்பாக வேண்டுமென்றால் கேமரா 32 விதமாக நகர்ந்து ஒரு சுற்று முடிக்கும். நொடிக்கு 60 படம் ஓடினால் ஒரு சுற்றுக்கு அரை நொடிதான். 30 என்றால் ஒரு நொடிக்கு மேல். ஆகவே "தரம்" என்று மெனுவில் எழுதியிருக்கும் 30 படத் தேர்வு, வண்டி ஓடும்போது 60 படத் தேர்வைவிடக் கலங்கலாகத் தெரிவதும் உண்டு. நான் எப்போதும் 60 பக்கம்.

2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 ப்ரோவும் 2025-இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2-ம் பல கேம்களில் அந்தக் காவல்காரர் வேலையை நரம்பியல் வலையமைப்பிடம் கொடுத்துவிட்டன. எதைத் தள்ளுவது, எதை வைத்துக்கொள்வது என்று எழுதிவைத்த விதிக்குப் பதிலாக, ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய கணக்கு தீர்மானிக்கிறது. கையில் பிடித்து ஆடுகிற ஸ்விட்ச் 2 போன்ற சின்னப் பெட்டி தன் சக்திக்கு மீறிய வேலி கட்டுவதன் ரகசியம் அது.

நேரத்தில் பங்கு போட்டுச் சமாளிப்பது புதிதுமில்லை. 90-களில் நாம் கேசட் போட்டு ஆடிய டிவி கேம்கள், 1983-இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ பெட்டியின் நகல்கள். அதில் ஒரு கிடைவரிசையில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகள் கூட்டமாக வந்தால் முறைப்பாசனம் மாதிரி இந்தப் படத்தில் இவர்கள், அடுத்ததில் அவர்கள் என்று மாற்றி மாற்றிக் காட்டும். எதிரிகள் மினுங்குவார்கள். கேசட்டை வாயால் ஊதினால் சரியாகும் என்று நம்பினோம். இன்றைய நம்பிக்கைகளும் குறைந்தவை அல்ல: தங்க முலாம் பூசிய வயர் போட்டால் கிராபிக்ஸ் கூடுமாம். அந்தக் கடையில் ஆயுத பூஜைச் சந்தனம் காற்றுத் துவாரத்தின் மேலேயே காய்ந்து கிடந்தது. பிளேஸ்டேஷன் 5 போல, ஆடும்போது 200 வாட் அளவுக்கு மின்சாரம் இழுத்து அத்தனையையும் வெப்பமாகத் துப்புகிற பெட்டிக்கு மூக்கில் சந்தனம் அடைப்பது எந்தச் சாமிக்கும் ஆகாது.

இன்னொரு கணக்கு. 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. அதில் 1080 வரிசைப் படத்தின் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். நல்ல கண்ணால் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க ஆறடிக்குள் உட்கார வேண்டும். பத்தடி தள்ளிச் சோபாவில் சாய்ந்துகொண்டு 4கே-யின் நுணுக்கத்தைப் புகழ்பவர்களை நான் மறுப்பதில்லை, சிரித்துவிட்டு காபி குடிப்பேன். மினுக்கல் அப்படியல்ல, அசைவு என்பதால் பத்தடியிலும் உறுத்தும்.

மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். வேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, கேமராவை ஒரு சுற்றுச் சுற்றி விட்டுவிட்டு, கம்பி எத்தனை நேரத்தில் ஒன்றுசேருகிறது என்று போனில் ஸ்லோமோஷனில் எடுக்கச் சொன்னேன். இரண்டு நாளில் அனுப்பிவிட்டார். பிளேஸ்டேஷனில் கம்பி சட்டென்று கூடிவிடுகிறது. சீரிஸ் எஸ்ஸில் கூடுவதும் கலைவதுமாக இருந்து, கடைசிவரை ஒரு மூலையில் மட்டும் முடிவுக்கு வரவே இல்லை. கூடவே ஒரு கேள்வி: "அப்படியென்றால் எதை வாங்கட்டும் சார்?"

உங்கள் தெருவில் யாரிடம் எது இருக்கிறது என்று விசாரித்து, அதையே வாங்குங்கள் என்று எழுதியிருக்கிறேன். சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வழியே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். கேம் விற்கிற விலைக்கு இரவல் வாங்காமல் கட்டுமா?