தேருநர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா?

1981ஆம் ஆண்டு யூனில் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப் பெட்டிகள் சில காணாமற்போனதை யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறை மறந்துவிடவில்லை. 1994 நாடாளுமன்றத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பாலானோர் வாக்களிக்க முடியாதிருந்த வேளையில், ஒரு சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளோடு 9 ஆசனங்களைப் பெற்றதும் அவர்கள் கண்டதே. இவற்றைக் கடந்து வந்தவர்களின் ஐயத்தைக் குறைசொல்ல இயலாது. ஆயினும், வாக்கெண்ணும் நிலையத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு, தேர்தலுக்கு வெகு முன்னரே உறுதிசெய்யப்படும் தேருநர் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை, கவனியாதிருப்பது நமக்கே இழப்பாகிறது.

நாடாளுமன்றத்தின் 225 ஆசனங்களுள் 160 ஆசனங்கள், மாவட்டங்களில் பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்பப் பகிரப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் அவை 7 ஆகி, 2024இல் 6 ஆகக் குறைந்தன. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்கும் வசதி இலங்கையில் இல்லை. அங்கேயே குடியேறிவிட்டவர்களின் பெயர்கள் நீக்கப்படுவது முறையானதே. ஆனால் ஊரிலேயே இருந்துகொண்டு பதியாமல் விடுபவர், தம் வாக்கோடு மாவட்டத்தின் பங்கையும் குறைக்கிறார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்படி இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதியன்று 18 வயது நிறைந்த, அப்பகுதியில் வழக்கமாக வசிக்கும் இலங்கைப் பிரசைகள் அதில் இடம்பெறுவர். அதன் பின் 18 வயதை அடைவோருக்கு, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் குறைநிரப்பு இடாப்புகள் வந்துள்ளன. வீடு மாறியவர்களும், திருமணமாகி வேறூர் சென்றவர்களும், வாடகைக்கு இருப்பவர்களும் தம் விபரத்தைக் கிராம அலுவலரிடம் தாமே சென்று கொடுப்பது நல்லது. ஏனெனில் விடுபடுவோர் பெரும்பாலும் இவர்களே.

புதிதாகச் சேர்க்கப்படும் பெயர்களும் நீக்கப்படும் பெயர்களும் இடாப்பு உறுதியாகுமுன் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். அறிவித்த காலத்துக்குள் உரிமைக் கோரிக்கையையோ ஆட்சேபனையையோ எழுத்தில் கொடுத்தால் விசாரணை நடத்தப்படும். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டும் பெயரைத் தேடலாம். வாக்காளர் அட்டை வீட்டுக்கு வராவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்து, ஏற்கப்பட்ட அடையாள ஆவணமும் கையில் இருந்தால், வாக்களிக்கலாம். இடாப்பில் பெயரில்லாதவருக்கோ அன்றைக்கு எந்த ஆவணமும் உதவாது.