90 செகண்டுல ஒரு பீட்சா: நேப்பிள்ஸ் அடுப்புக்குள்ள என்னதான் நடக்குது?

இத்தாலியோட நேப்பிள்ஸ் ஊர்ல முதல் தடவ பீட்சா சாப்பிட உட்கார்றவங்க நிறைய பேருக்கு தட்டு வந்ததும் ஒரு சந்தேகம் வரும், இது சரியா வெந்துச்சா இல்லையான்னு. எனக்கும் வந்துச்சு. நடுவுல தக்காளிச் சாறும் சீஸ்லருந்து பிரிஞ்ச வெள்ளைத் தண்ணியும் கலந்து தேங்கி நிக்குது, ஒரு துண்டு வெட்டித் தூக்கினா நுனி துணி மாதிரி தொங்குது, ஓரத்துல பார்த்தா அங்கங்க கருப்பா கருகின புள்ளி. ஒரே பீட்சால ஒரு பக்கம் வேகாத மாதிரியும் இன்னொரு பக்கம் தீஞ்ச மாதிரியும் எப்படி இருக்கும்னு தோணுச்சு. ஆனா அந்த ஓரத்த பிச்சு வாய்ல வெச்சதும் சந்தேகம் போயிடுச்சு, அவ்ளோ மெத்துனு, அவ்ளோ லேசா, கோதுமை வாசனையோட இருந்துச்சு.

அப்புறம் இத பத்தி தேடித் தேடிப் படிச்சதுல ஒண்ணு புரிஞ்சுது. அந்த ஈரமான நடு, உப்பின ஓரம், கருப்புப் புள்ளி, ஆறினா ரப்பர் ஆகுறது, இது எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான்: அந்த பீட்சா அடுப்புக்குள்ள இருந்த நேரம் வெறும் 60லருந்து 90 செகண்ட்.

நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு எழுதி வெச்ச சட்டமே இருக்கு. 1984ல அங்க அசல் பீட்சாவைக் காப்பாத்தறதுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, 2010ல ஐரோப்பிய யூனியன் இத பாரம்பரிய உணவா பதிவு பண்ணுச்சு, 2017ல பீட்சா போடுறவரோட கைவேலையையே யுனெஸ்கோ தன் பட்டியல்ல சேர்த்துச்சு. அந்த பீட்சா போடுறவருக்கு அங்க பீட்சாயோலோன்னு பேரு. (ஒரு ராணி பேர வெச்சு மார்கெரிட்டா பீட்சா வந்துச்சுங்கற கதை எல்லாரும் சொல்றதுதான், அத விட்டுடலாம், அடுப்புல நடக்குறது அதவிட நல்ல கதை.) ஐரோப்பிய யூனியன் விதியப் படிச்சா சமையல் குறிப்பு மாதிரியே இருக்காது, லேப் நோட் மாதிரி இருக்கும். விறகு அடுப்பு 485 டிகிரி செல்சியஸ், வேகுற நேரம் 60லருந்து 90 செகண்ட், விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, ஓரம் 1லருந்து 2 சென்டிமீட்டர் உயரம். வெளிய எடுக்கும்போது மாவு 60லருந்து 65 டிகிரி, தக்காளி 75லருந்து 80 டிகிரி, சீஸ் 65லருந்து 70 டிகிரி இருக்கணும்னு கூட எழுதியிருக்காங்க. சுத்தி கிட்டத்தட்ட 500 டிகிரி, ஆனா வெளிய வர்ற மாவு 65 டிகிரிதான். இந்த வித்தியாசத்துலதான் மொத்த விஷயமும் இருக்கு.

முதல்ல வெப்பம் எந்த வழியா வருதுன்னு பாக்கலாம். அடுப்பு கவுத்து வெச்ச பாதி உருண்டை மாதிரி குவிஞ்ச கூரை, ஒரு ஓரத்துல விறகு எரியுது, தீ கூரையோட வளைவப் பிடிச்சுக்கிட்டே நாக்கு நீட்டி மறுபக்கம் வரைக்கும் போகுது. பீட்சாவுக்கு கீழருந்து செங்கல் தரை வழியா நேரா சூடு ஏறுது, சுத்தி ஓடுற சூடான காத்து கொஞ்சம் சூடு குடுக்குது, மேலருந்து கூரையும் தீயும் கதிர்வீச்சா சூட்டக் கொட்டுது. இந்தக் கதிர்வீச்சுதான் முக்கியமான ஆளு. ஒரு பொருள் எவ்ளோ கதிர்வீச்சு விடும்ங்கறது அதோட வெப்பநிலையோட நாலாவது அடுக்குல ஏறும், அதாவது சூடு கொஞ்சம் கூடினாலே கதிர்வீச்சு எகிறும். கெல்வின் கணக்குல, அதாவது செல்சியஸோட 273 கூட்டி போட்டுப் பார்த்தா 250 டிகிரி வீட்டு ஓவனோட சுவர் விடுறத விட 485 டிகிரி கூரை கிட்டத்தட்ட 4.4 மடங்கு விடுது. சூடு ரெண்டு மடங்கு கூட ஆகல, கதிர்வீச்சு மட்டும் நாலு மடங்கத் தாண்டிடுச்சு.

சரி, மேல இவ்ளோ சூடுன்னா கீழ தரையும் 400 டிகிரிக்கு மேலதானே இருக்கும், மாவோட அடி ஏன் ஒரு நிமிஷத்துல கரியாகலன்னு கேக்கலாம். இதுக்கு பதில் தரை எந்தப் பொருள்ல செஞ்சிருக்காங்கங்கறதுல இருக்கு. ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும்போது நடுவுல அந்தத் தொடுற இடத்துல என்ன வெப்பநிலை வரும்ங்கறத ரெண்டு பொருளும் எவ்ளோ வேகமா சூட்ட குடுக்கும், வாங்கும்ங்கறதுதான் முடிவு பண்ணும். ஒரே வெயில்ல கிடந்த மரப்பலகையத் தொட்டா தாங்கலாம், பக்கத்துல இருக்கிற இரும்புக் கம்பியத் தொட்டா கை பொத்துப்போகும், ரெண்டும் அதே சூடுதான், ஆனா இரும்பு தன்கிட்ட இருக்கிற சூட்ட கைக்கு உடனே தள்ளிவிடும், மரம் மெதுவாத்தான் விடும். செங்கல் இதுல மரத்தோட கட்சி.

2018ல வர்லமோவ், கிளாட்ஸ்ங்கற ரெண்டு இயற்பியல்காரங்க உணவு மானுடவியல் ஆளு கிராஸோ கூட சேர்ந்து இத கணக்காவே போட்டுக் காட்டினாங்க. ரோம்ல இருக்கிற மாதிரி 330 டிகிரி செங்கல் தரைல 20 டிகிரி மாவ வெச்சா ஒட்டுற இடம் 208 டிகிரி கிட்டதான் வரும், அது அடி அழகா செவக்கறதுக்கு ஏத்த சூடு. அதே 330 டிகிரில இரும்புத் தட்டா இருந்தா ஒட்டுற இடம் 300 டிகிரிக்குப் போயிடும், மேல வேகறதுக்குள்ள அடி கரி. நேப்பிள்ஸ்காரங்க இன்னும் ஒரு படி மேல போய் சொரெந்தோ பக்கத்துல எடுக்குற களிமண்ணுல செஞ்ச, நுண்ணிய ஓட்டை நிறைஞ்ச ஒரு ஓடு தரைக்குப் போடுறாங்க, அதுக்கு பேரு பிஸ்கோத்தோ. சாதாரண செங்கல விட அது இன்னும் சோம்பேறியா சூடு விடும், அதனாலதான் அவ்ளோ சூட்டுலயும் அடி தப்பிக்குது.

இதுல பீட்சாயோலோவோட கை என்ன பண்ணுதுன்னு கவனிச்சா ஆச்சரியமா இருக்கும். பீட்சாவ உள்ள வெச்ச இடத்துல தரை மாவுக்கு சூட்ட குடுத்துட்டு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் ஒரு சின்ன வட்டக் கரண்டி மாதிரி நீளக் கம்பியால பீட்சாவத் திருப்பும்போது அதே இடத்துலயே வெச்சுத் திருப்புவார், தள்ளி வெச்சா ஆறாத புதுத் தரை அடிய எரிச்சிடும். இதையும் விதியிலயே எழுதி வெச்சிருக்காங்க. அடி முடிஞ்சு மேல இன்னும் கொஞ்சம் வேணும்னா பீட்சாவ அப்படியே தூக்கி கூரைக்குப் பக்கத்துல ரெண்டு மூணு செகண்ட் காட்டுவார், கீழ சூடு கட், மேல கதிர்வீச்சு மட்டும். ஸ்டெஃபான், போல்ட்ஸ்மேன் பேர்ல இருக்கிற அந்த நாலாவது அடுக்கு விதியப் படிக்காமலே அவர் கை அத செய்யுது.

இப்ப மாவுக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். கோதுமை மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட், அவ்ளோதான், எண்ணெய் கிடையாது, சர்க்கரை கிடையாது. 1 லிட்டர் தண்ணிக்கு கிட்டத்தட்ட 1.8 கிலோ மாவு, 50லருந்து 55 கிராம் உப்பு, ஈஸ்ட் வெறும் 3 கிராம். சர்க்கரை ஏன் போடறதில்லன்னா அந்தச் சூட்டுல சர்க்கரை போட்ட மாவு ஒரு நிமிஷம் தாங்காது, மொத்தமா கருகிடும். வீட்டு ஓவனுக்கு எழுதுற ரெசிபில சர்க்கரையும் எண்ணெயும் வர்றதுக்குக் காரணமும் இதே கணக்குதான், சூடு கம்மியா இருக்கிறதால நிறம் வரவைக்க உதவி வேணும். அப்புறம் பாக்கெட்டுல 00ன்னு போட்டிருக்குமே அந்த மாவு, அந்த நம்பர் அதோட பலத்தச் சொல்லலங்க, மாவு எவ்ளோ சுத்தமா உமி போன மாவுங்கறதச் சொல்லுது, எரிச்சா மிஞ்சுற சாம்பல் 0.55 சதவீதத்துக்குள்ள இருக்கணும். 00லயே பிஸ்கட்டுக்கான மெலிஞ்ச மாவும் உண்டு, பீட்சாவுக்கான பலமான மாவும் உண்டு, அதனால புரோட்டீன் எவ்ளோன்னு பார்த்து வாங்கணும்.

மாவப் பிசையும்போது குளூட்டன்ங்கற கோதுமைப் புரதம் வலை மாதிரி பின்னிக்கும், கூடவே காத்தும் குட்டிக் குட்டிக் குமிழியா உள்ள மாட்டிக்கும். ஈஸ்ட்தான் குமிழிய உண்டாக்குதுன்னு நெனைக்கிறோம், ஆனா ஈஸ்ட் புதுசா ஒரு குமிழியக் கூட உண்டாக்கறதில்ல. அது விடுற கார்பன் டை ஆக்சைடு முதல்ல மாவுல இருக்கிற தண்ணில கரையும், அப்புறம் பிசையும்போது மாட்டின அந்தக் காத்துக் குமிழிக்குள்ள போய் அதப் பெருசாக்கும். பிசையுறப்ப போட்ட விதைதான் பின்னாடி உப்புது. ஈஸ்ட்ட கம்மியாப் போட்டு மணிக்கணக்கா வெக்கிறப்ப இன்னொரு வேலையும் நடக்குது, மாவுலயே இருக்கிற அமைலேஸ்ங்கற நொதி ஸ்டார்ச்ச உடைச்சு சர்க்கரையாக்குது, வாசனைக்கான அமிலங்களும் சேருது, குளூட்டனும் தளர்ந்து கைக்கு இழுபட ஆரம்பிக்குது.

இங்கதான் அந்தக் கை விரிக்கிற வித்தை வருது. உருட்டுக்கட்டையத் தொடவே கூடாது. விரல் நுனியால நடுவுலருந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே போறப்ப உள்ள இருக்கிற வாயு எல்லாம் ஓரத்துக்கு நகர்ந்துடும், நடு சில மில்லிமீட்டர் மெலிசாகும், ஓரம் குமிழியோட தடிச்சு நிக்கும். உருட்டுக்கட்டை போட்டா அந்த வாயு அத்தனையும் பிதுங்கி வெளிய போயிடும், அப்புறம் எந்த அடுப்புல வெச்சாலும் ஓரம் எழும்பாது. அடுப்புக்குள்ள போனதும் அந்தக் குமிழிக்குள்ள இருக்கிற வாயு விரியுது, தண்ணி ஆவியாகுது, தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1,700 மடங்கு இடம் கேக்கும், அதனாலதான் கண்ணு முன்னாடியே ஓரம் சட்டுனு பொங்கும். ஸ்டார்ச் வெந்து குளூட்டன் இறுகி அந்த வடிவம் அப்படியே நின்னுடும். 

கருப்புப் புள்ளி எப்படி வருதுன்னா, மாவுல ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடத்தோட வெப்பம் 100 டிகிரியத் தாண்டாது, வர்ற சூடெல்லாம் தண்ணிய ஆவியாக்கவே செலவாகும். செவக்கிற வினை, அதான் மெய்லார்டு வினை, ஜோராப் பிடிக்க 140 டிகிரிக்கு மேல வேணும். ஓரத்துல ஒரு குமிழி பெருசா எழும்பிட்டா அதோட தோல் ரொம்ப மெலிசாகிடும், அதுல இருக்கிற கொஞ்சூண்டு தண்ணி சில செகண்ட்ல போயிடும், சூடு கிர்ருனு ஏறி கருகும். அதுக்கு ஒரு சென்டிமீட்டர் பக்கத்துல தடிச்ச மாவுல ஈரம் இருக்கு, அது வெள்ளையாவே இருக்கும். அதனாலதான் சிறுத்தை தோல் மாதிரி புள்ளி புள்ளியா தெரியுது. வீட்டு ஓவன்ல பத்து நிமிஷம் வெக்கிறப்ப மேல் மாவு முழுக்க ஒரே சீரா காஞ்சு ஒரே பிரவுன் கலர் வரும், உள்ள இருக்கிற தண்ணியும் கிளம்பிடும், மொறுமொறுன்னு ஆகும். அதுவும் நல்லாத்தான் இருக்கும், ஆனா அது வேற பண்டம்.

இதே நேரக் கணக்குதான் மேல போடுற எல்லாத்தையும் தீர்மானிக்குது. ஒரு நிமிஷத்துல தண்ணி வத்தாது, அதனால வெசுவியஸ் எரிமலை அடிவாரத்துல விளையுற சான் மார்சானோ மாதிரி சதை கூடின, விதையும் தண்ணியும் கம்மியான தக்காளிய எடுத்து கையால மசிச்சு உப்பு போட்டு பச்சையாவே தடவுறாங்க, அடுப்புல அது ஒரே ஒரு தடவதான் சூடாகுது, அந்தப் புதுத் தக்காளி ருசி தப்பிச்சுடுது. எருமைப் பால்ல செஞ்ச மொசரெல்லா சீஸ்ல தண்ணி அதிகம், அதனால வெட்டி வடிய வெச்சுட்டுத்தான் போடுவாங்க, பசும்பால்ல செஞ்ச ஃபியோர் தி லாத்தேவும் அப்படித்தான். மொசரெல்லாவையே ஏன் பிடிச்சுக்கிட்டாங்கன்னு 2014ல நியூசிலாந்து ஆக்லாந்து பல்கலைக்கழகத்துல சோதிச்சுப் பார்த்தாங்க, செடார், எடம், குரூயேர் மாதிரி வேற சீஸ் எல்லாத்தையும் பீட்சாவுல சுட்டு. மொசரெல்லா வெந்நீர்ல இழுத்து இழுத்துச் செய்யுற சீஸ்ங்கறதால அதோட புரதம் நார் நாரா இழுபடும், கீழருந்து ஆவி தள்ளும்போது கிழியாம குமிழியா எழும்பும், மேல இருக்கிற எண்ணெய் வழிஞ்சு ஓடிடும், அந்த முகடு மட்டும் காஞ்சு செவக்கும். செடாருக்கு அந்த இழுவை இல்ல, குமிழியே வராது. குரூயேர்ல எண்ணெய் அதிகமாப் பிரிஞ்சு மூடிக்கும், ஈரம் போகாது, செவக்காது.

சாப்பிடுறது பத்தி ஒரே ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன், தட்டுக்கு வந்த அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சுடணும். விதியிலயும் அடுப்புலருந்து எடுத்த இடத்துலயே உடனே சாப்பிடுறதுதான் நல்லதுன்னு இருக்கு, ஃபிரீஸ் பண்ணி அப்புறம் விக்கவே கூடாது. காரணம் சிம்பிள், வெந்த ஸ்டார்ச் ஆற ஆற தண்ணிய விட்டுட்டு மறுபடி இறுக ஆரம்பிக்கும், ஈரம் நிறைய மிச்சம் இருக்கிற மாவுங்கறதால ஜவ்வு மாதிரி ஆயிடும். அட்டைப்பெட்டில போட்டா அதுலருந்து கிளம்புற ஆவி மூடில பட்டு திரும்ப மாவுமேலயே விழும். அதே சமயம் அவசரப்பட்டு நடுப்பகுதியக் கடிச்சா மேலண்ணம் பொத்துப்போகும், ஓரம் முழுக்க காத்துங்கறதால அதுல சூடு கொஞ்சம்தான் தங்கும், தக்காளில இருக்கிறது தண்ணி, அது சூட்ட விடாமப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால நான் இப்பல்லாம் ஓரத்துலருந்துதான் ஆரம்பிக்கிறேன். அங்க தெருவுல நின்னுக்கிட்டே சாப்பிடுறவங்க முழு பீட்சாவையும் ரெண்டா மடிச்சு, மறுபடி ரெண்டா மடிச்சு கையில பிடிச்சு சாப்பிடுறாங்க, அதுக்கு பர்ஸ் பீட்சான்னு அர்த்தம் வர்ற மாதிரி போர்த்தாஃபோல்யோன்னு பேரு. மொறுமொறு பீட்சாவ அப்படி மடிச்சா உடைஞ்சு போயிடும், இது மடியுதுன்னா உள்ள ஈரம் மிச்சம் இருக்கறதாலதான்.

வீட்டுல செஞ்சு பாக்கணும்னு இருக்கிறவங்களுக்கு அந்த 2018 கணக்குலயே ஒரு வழி இருக்கு. ஓவன் 485 டிகிரி போகாது, ஆனா தரையா கனமான இரும்புத் தட்டு வெச்சுட்டா 230 டிகிரிலயே ஒட்டுற இடத்துல செங்கல் தரை குடுத்த அதே சூடு கிடைச்சுடும், ஏன்னா இரும்பு வேகமா சூட்ட விடுது, அவங்க கணக்குல அப்ப வேகற நேரம் 170 செகண்ட். தட்ட உள்ள வெச்சு முக்கால் மணி நேரமாவது சூடேத்தணும், பீட்சா போனதும் மேல் கம்பிய முழுசா ஆன் பண்ணணும், கூரையோட கதிர்வீச்சுக்கு வீட்டுல இருக்கிற ஒரே மாத்து அதுதான். நான் இப்படித்தான் செய்யுறேன், அடி அருமையா வருது, ஓரம் நல்லா எழும்புது, சிறுத்தைப் புள்ளி மட்டும் நாலஞ்சு இடத்துலதான் வந்திருக்கு, அடுத்த தடவ மாவ ஃபிரிட்ஜ்ல ஒரு நாள் கூட வெச்சுப் பாக்கப் போறேன்.