மண்வாசனை மூக்குக்கு வரும் வழி

சித்திரை வெயிலில் காய்ந்த தெருவில் நாலு தூறல் விழட்டும். மொட்டை மாடியில் துணி எடுக்க ஓடுகிறவர்கூட ஒரு நொடி நின்று மூச்சை இழுத்துக்கொள்வார். ஆனால் கொட்டு கொட்டென்று கொட்டும் மழையில் இந்த வாசனை அவ்வளவாக வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2015-இல் அதிவேகக் கேமராவை வைத்து இதைப் பார்த்தார்கள். மண்ணில் நுண்துளைகள் உண்டு. துளி விழும்போது அவற்றில் இருக்கும் காற்று அடியில் சிக்கிக்கொள்கிறது. பிறகு குமிழிகளாகத் துளிக்குள்ளேயே மேலேறி, சோடா நுரைபோல வெடிக்கிறது. அப்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத திவலைகள்தான் மண்ணில் இருந்ததைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. தூறலிலும் மிதமான மழையிலும் இது நன்றாக நடக்கிறது. அடைமழையில் குமிழி உருவாகவே நேரமில்லை.

சரி, மண்ணில் என்ன இருந்தது? வறண்ட நாட்களில் செடிகள் கசியவிட்ட எண்ணெய்ப் பொருட்கள் கொஞ்சம். அதைவிட முக்கியமாக, ஜியோஸ்மின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் வேதிப்பொருள் இது. காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிமருந்து கிடைத்ததும் இந்தப் பாக்டீரியாக் குடும்பத்திலிருந்துதான்.

பாக்டீரியா இந்த வாசனையை நமக்காக விடவில்லை. ஸ்ப்ரிங்டெயில் என்று மண்ணில் துள்ளித் திரியும் மிகச் சிறிய உயிரி ஒன்று உண்டு. ஜியோஸ்மின் வாசனை பிடித்து வந்து அது பாக்டீரியாவைத் தின்கிறது. தின்றபின் அதன் வித்துக்களை உடம்பில் ஒட்டியபடியும் கழிவோடும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறது. 2020-இல் வெளியான ஆய்வு இது. பழம் தின்னும் பறவை விதை பரப்புகிற அதே ஏற்பாடுதான், கொஞ்சம் சின்ன அளவில்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் நம் மூக்குக்கு என்ன வேலை? ஆச்சரியம் அங்கேதான். லட்சம் கோடியில் சில பங்கு ஜியோஸ்மின் தண்ணீரில் இருந்தாலே கூர்மையான மூக்குள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும். 10,000 லிட்டர் லாரிகள் நூறு நிறைய தண்ணீர். அதில் வெறும் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடிய நம் முன்னோர்களுக்கு இது உதவியிருக்கும் என்பது ஓர் ஊகம். நம்பத் தோன்றுகிறது, ஆனால் நிரூபணமான விஷயமில்லை.

வேடிக்கை என்னவென்றால், மழையில் சொக்கவைக்கும் இதே வாசனை குழம்பில் வந்தால் முகம் சுளிக்கிறோம். ஏரி, குளத்து மீனில் வரும் மண்வாடைக்கு முக்கியக் காரணமும் ஜியோஸ்மின்தான். நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளும் அதை உண்டாக்குகின்றன; அது மீனின் கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது. குளோரினுக்கும் அவ்வளவு எளிதில் மசியாத இந்தப் பொருள் அமிலம் பட்டால் அமைப்பு குலைந்து வாசனை இழக்கிறது. வேதியியல் தெரியாமலேயே அம்மாக்கள் குளத்து மீனைப் புளித்தண்ணீரில் அலசி, குழம்பிலும் புளியைத் தாராளமாகக் கரைத்து விடுகிறார்கள். பீட்ரூட்டின் மண்வாடைக்கும் இதே வைத்தியம்தான், அரை மூடி எலுமிச்சை.