ஆச்சியின் ஏழரை மணி

பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டருக்குப் பின்னால் ஒரு அட்டை செருகியிருக்கும். பெரிய அத்தான் எழுதி வைத்தது. ‘சிங்கப்பூர், கூட்டு இரண்டரை. துபாய், கழி ஒன்றரை. லண்டன், கழி ஐந்தரை. நியூ ஜெர்சி, கழி பத்தரை.’ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு எல்லாரும் வீடியோவில் வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழரை என்றதுமே சித்தி முகம் சுளித்தாள். ஆனால் அட்டைப்படி வேறு நேரம் தோதுப்படவில்லை. நமக்கு ஏழரை என்றால் சிங்கப்பூரில் இரவு 10, துபாயில் மாலை 6, லண்டனில் பிற்பகல் 2, நியூ ஜெர்சியில் காலை 9. யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார்த்திகை, மார்கழி, தை என்று ஒழுங்காகத்தான் போனது. மாசி முடியும் சமயம், ஒரு ஞாயிறு, நியூ ஜெர்சி மாமா ஆறரைக்கே அழைத்துவிட்டார். ஆச்சி அப்போது கோயிலில். ஏழரைக்கு மற்றவர்கள் கூடியபோது அவர் பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டார். “நான் ஒம்பது மணிக்குத்தானம்மா வந்தேன்” என்றார் அவர். “ஏழரைக்குத்தானல சொன்னேன்” என்றாள் ஆச்சி. இரண்டு பேர் சொன்னதும் சரி. தப்பு அட்டையில் இருந்தது.

அத்தான் கூட்டல் கழித்தலில் பிழை விடுகிறவர் அல்ல. இரண்டு ஊருக்கு நடுவே உள்ள நேர வித்தியாசம் என்பது தூரத்தைப் போல, ஒரு தடவை அளந்து எழுதி வைத்தால் போதும் என்று நினைத்ததுதான் பிழை.

வானத்தில் இருக்கும் வித்தியாசம் அப்படித்தான், மாறவே மாறாது. பூமி ஒரு நாளில் 360 டிகிரி சுற்றுகிறது. மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் பழைய அளவில் போட்டால் இன்னும் சுத்தமாக விழும். நாளுக்கு 60 நாழிகை, ஆகவே நாழிகைக்கு 6 டிகிரி, டிகிரிக்குப் பத்து விநாழிகை. கிழக்கே இருக்கும் ஊரில் சூரியன் முந்தி உச்சிக்கு வரும், மேற்கே பிந்தி.

இதை நெல்லையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இந்தியக் கடிகாரம் ஓடுவது 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகும் கோடு அது. திருநெல்வேலி இருப்பதோ ஏறக்குறைய 77.7 டிகிரியில். வித்தியாசம் 4.8 டிகிரி, அதாவது 19 நிமிடம். சித்திரைப் பிறப்பையொட்டி, ஏப்ரல் 12 வாக்கில், சூரியன் நெல்லையின் உச்சந்தலைக்கு நேரே வரும். மொட்டை மாடியில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்துக் காத்திருங்கள். பன்னிரண்டு மணிக்கு நிழல் இருக்கும். 12:20 வாக்கில்தான் அது கம்பின் அடிக்குள் போய் ஒளியும். மற்ற நாட்களில் இந்த உச்சி கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். நவம்பர் தொடக்கத்தில் 12:03 வாக்கில், பிப்ரவரி நடுவில் 12:33 வாக்கில். பூமியின் அச்சுச் சாய்வும் அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்கிற வேலை அது.

ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் உச்சியைத்தான் பன்னிரண்டு என்று வைத்திருந்தது. மாட்டுவண்டிக்கு அது போதும். ரயிலுக்குப் போதாது. சென்னை வானியல் நிலையத்தில் கணித்த ‘மதராஸ் நேரம்’ நாடு முழுக்க ரயில்களுக்கு நேரமானது. அது கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. கிரீன்விச் கோட்டிலிருந்து கணக்கைத் தொடங்கலாம் என்று 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு முடிவு செய்திருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு 82.5 டிகிரி. அதை 15ஆல் வகுத்தால் ஐந்தரை. நம் அரை மணிக்கு அதுதான் காரணம். அன்றைக்கு மதராஸ் நேரம் பார்த்தவர்கள் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் போல முன்னே தள்ள வேண்டியிருந்தது. கல்கத்தா ஒத்துக்கொள்ளவில்லை, 1948 வரை தன் நேரத்தையே வைத்திருந்தது. இன்று செல்பேசியில் இந்திய நேரத்தைத் தேடினால் பட்டியலில் இருப்பது ‘கொல்கத்தா’ என்ற பெயர்தான்!

ஆக, கடிகாரம் காட்டுவது சூரியனை அல்ல, அரசாங்கத்தின் முடிவை. சிங்கப்பூர் 104 டிகிரி வாக்கில் இருக்கிறது. சூரியனைக் கேட்டால் கிரீன்விச்சைவிட 7 மணி முந்தி என்று சொல்லும். 1982லிருந்து அவர்கள் வைத்திருப்பது 8. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் கொழும்பு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சூரியக் கணக்கில் 7 நிமிடம்தான். 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது இலங்கை கடிகாரத்தை முன்னே தள்ளியது. அதற்கு முன்பு இரண்டு கரையிலும் ஒரே மணி. அப்புறம் 2006 ஏப்ரல் வரை ஏறத்தாழ பத்து வருஷம் கொழும்பு நம்மைவிட அரை மணி முந்தி ஓடியது. கடல் அகலவில்லை, தீவும் நகரவில்லை.

சரி, மாற்றுவது எப்படி? ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் நடுவே தனித்தனி எண்ணை மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஐந்து ஊருக்கே பத்து எண் வேண்டும். எல்லாரையும் கிரீன்விச் வழியாகப் போகச் சொன்னால் ஐந்து எண் போதும். சென்னையிலிருந்து நெல்லைக்கு வருகிறவர் வண்ணார்பேட்டைக்குப் போனாலும் டவுனுக்குப் போனாலும் ஜங்ஷனில் இறங்குவது போல. முதலில் உள்ளூர் நேரத்தைக் கிரீன்விச் நேரத்துக்குக் கொண்டு வர வேண்டும் (அணுக்கடிகாரங்களை வைத்துக் காக்கப்படும் இதன் இன்றைய வடிவத்துக்கு யுடிசி என்று பெயர்). அங்கிருந்து போக வேண்டிய ஊரின் எண்ணைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். அவ்வளவுதான்.

இதில் நமக்கும் இலங்கைக்காரர்களுக்கும் மட்டும் ஒரு வசதி உண்டு. முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கிரீன்விச் நேரம் தெரியும். பத்து பத்து என்று காட்டும் கடிகாரத்தைக் கவிழ்த்தால் பெரிய முள் 8இல், அதாவது 40 நிமிடத்தில் நிற்கும். சின்ன முள் 4ஐத் தாண்டியிருக்கும். 4:40. பத்து பத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் அதேதான் வரும். அரை வட்டம் திருப்பும்போது சின்ன முள் 6 மணியும் பெரிய முள் 30 நிமிடமும் நகர்கிறது. ஆறு மணியைக் கழித்து அரை மணியைக் கூட்டினால் ஐந்தரையைக் கழித்த மாதிரி. ஒரு சின்னக் குறை, சின்ன முள் எப்போதும் அரை எண் பின்தங்கியே நிற்கும். மூன்றரை மணிக்குக் கவிழ்த்தால் அது 9க்கும் 10க்கும் நடுவே இருக்கும். 10 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். துபாய்க்காரருக்கோ சிங்கப்பூர்க்காரருக்கோ இந்த வித்தை பலிக்காது.

தப்பு விட முடியாத இடங்களில் எல்லாவற்றையும் கிரீன்விச் கணக்கிலேயே எழுதி வைப்பார்கள். பாளையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் வரும் கிருஷ்ணாபுரத்தைச் சிற்பங்களுக்காக எல்லாருக்கும் தெரியும். அங்கேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நெல்லைச் சீமைக்குப் பக்கமாகப் போவதால், நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதன் வலிமையை அறிய, நெல்லையில் அளந்த காந்தப்புலத்திலிருந்து மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் அளந்ததைக் கழிப்பது வழக்கம். இரண்டும் ஒரே கணத்தில் எடுத்த அளவாக இருக்க வேண்டும், அதற்கு உலகப் பொது நேரம் வேண்டும். ஆனால் அந்த மின்னோட்டம் ஓங்குவது நெல்லையின் உச்சிவேளையை ஒட்டி. கடிகாரத்தின் பன்னிரண்டைக் கேட்டு அது ஓங்குவதில்லை, சூரியனைத்தான் கேட்கிறது. நெல்லையில் உச்சி வந்து இருபது நிமிடம் போலக் கழித்துத்தான் அலிபாக்கில் வரும். ஆக அவர்களுக்கு இரண்டு கணக்கும் வேண்டும்.

இராகு காலமும் சூரியனைக் கேட்கும் இந்த இரண்டாவது வகைதான். நெல்லையின் வெள்ளிக்கிழமைப் பத்தரை-பன்னிரண்டை நியூ ஜெர்சி நேரத்துக்கு மாற்றினால் கோடையில் அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி முதல் இரண்டரை. தூங்குகிறவனுக்கு அது எதற்கு? பகலை எட்டாகப் பங்கு போடும் கணக்கு அது. அந்தந்த ஊர் சூரிய உதயத்திலிருந்துதான் போட வேண்டும்.

மணியைச் சரியாக மாற்றிவிட்டு நாளில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. சான் பிரான்சிஸ்கோவில் கோடைகாலச் செவ்வாய் இரவு 8 மணி என்றால் கிரீன்விச் நேரப்படி புதன் அதிகாலை 3, நெல்லையில் புதன் காலை எட்டரை. இது போக, நமக்கென்றே ஒரு தனிக் குழப்பம் உண்டு. பஞ்சாங்க நாள் விடியலில் தொடங்கி மறு விடியலில் முடியும். பேச்சிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ‘செவ்வாய் ராத்திரி இரண்டு மணி’ என்று நாம் சொன்னால் அது தேதிப்படி புதன்கிழமை. விமானச் சீட்டு நள்ளிரவிலேயே நாளை மாற்றிவிடும். எங்கள் தெருவில் ஒருவர், வளைகுடா வேலைக்கு, 14ஆம் தேதி 00:40க்குப் புறப்படும் விமானத்துக்கு 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திருவனந்தபுரம் கிளம்பினார். விமானம் முந்தின ராத்திரியே போயிருந்தது. சீட்டில் எந்தத் தப்பும் இல்லை, அவருடைய தமிழிலும் இல்லை.

இனி அட்டைக்கு வருவோம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னே வைப்பார்கள். கோடையில் சாயங்கால வெளிச்சம் ஒரு மணி கூடக் கிடைக்கட்டும் என்பது எண்ணம். பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் இதையே செய்கின்றன, ஆனால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நடுவே மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரம், இலையுதிர்காலத்தில் ஒரு வாரம், லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம் 4 ஆகிவிடுகிறது. இந்தியா, துபாய், சிங்கப்பூர் மூன்றும் அசையாமல் நிற்கும்.

மாமாவுக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய காலை ஒன்பது அந்த ஞாயிற்றிலிருந்து நமக்கு ஆறரை. ‘கழி பத்தரை’ என்ற வரி அன்றைக்குக் ‘கழி ஒன்பதரை’ ஆகியிருந்தது. லண்டனின் ‘கழி ஐந்தரை’ இன்னும் சில வாரத்தில் ‘கழி நான்கரை’ ஆகவிருந்தது. மெல்போர்னில் யாராவது இருந்திருந்தால் கூத்து இன்னும் பெரிது. அங்கே கோடைக் கடிகாரம் அக்டோபரில் தொடங்குவதால் நாம் இங்கே ஏப்ரலில் வெயிலில் வேகும்போது அவர்கள் கடிகாரத்தைப் பின்னே வைக்கிறார்கள். பிரிஸ்பேனோ எதையும் தொடுவதே இல்லை.

செல்பேசி இதையெல்லாம் அறியும். எந்த ஊர் எந்த ஆண்டு எந்த நாளில் கடிகாரத்தைத் தள்ளியது என்ற பொதுப் பட்டியல் ஒன்றை உலகெங்கும் கணினிகள் வைத்திருக்கின்றன. எங்காவது ஒரு அரசாங்கம் மனம் மாறினால் பட்டியலும் திருத்தப்படும். அதனால் எண்ணைக் கேட்காமல் தேதியையும் ஊரையும் கொடுத்துக் கேட்பதுதான் பத்திரம். ஆனால் செல்பேசியும் தீர்க்காத ஒன்று இருக்கிறது. வாராவாரம் நடக்கும் கூட்டம் யாருடைய கடிகாரத்தில் கட்டப்பட்டது? நெல்லையின் ஏழரையில் கட்டினால் மார்ச்சுக்குப் பிறகு மாமாவுக்கு அது காலை 10. மாமாவின் ஒன்பதில் கட்டினால் நமக்கு ஆறரை, ஆச்சி கோயிலுக்குப் போகும் வேளை. இரண்டுமே செல்லும், முதலில் யாராவது ஒருத்தர் சொல்லிவிட வேண்டும். அலுவலகக் கூட்டங்களில் பாதிச் சண்டை இதைச் சொல்லாததால் வருகிறது என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டில் ஆச்சிக்குத்தான் தீர்ப்பு. ‘பாளை நேரம் ஏழரை’ என்று குழுவில் போட்டாயிற்று, மாமா நீச்சல் வகுப்பை மாற்றிக்கொண்டார். அட்டையை அத்தான் கிழிக்கவில்லை, பென்சிலால் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறார். நவம்பர் பிறந்தால் ஆச்சி தவறாமல் கேட்கிறாள்: “ஏட்டி, அமெரிக்காக்காரன் கடியாரத்தைத் திருப்பிட்டானா?”